பத்தொன்பதாம் நூற்றாண்டு மஸ்கெட் துப்பாக்கிகளின் உலோக மெருகு: சொல்லும் பொருளும்

1. முன்னுரை

பழம்பொருள்களை ஆராய்வோர் அவற்றின் நீள அகலங்களை அளந்து குறிப்பர். எடையை நிறுத்துக் குறிப்பர். மேலே பொறிக்கப்பெற்ற எழுத்துகளையும் முத்திரைகளையும் படித்துக் குறிப்பர். ஆனால், அப்பொருள் செய்யப்பெற்ற நாளில் அதன் மேற்பரப்பு எந்நிறத்தினதாய் இருந்தது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. இன்று கண்முன் தோன்றும் நிறமே அன்றும் இருந்த நிறம் எனக் கொள்வது பொதுவான வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எவ்வளவு பிழைபட்ட முடிவுகட்கு இட்டுச்செல்லும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைவீரர் ஏந்திய மஸ்கெட் துப்பாக்கிகளின் உலோக மெருகினை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் ஆராய்ச்சிக்கும் பிரிட்டானியர், அமெரிக்கர் ஆகியோரின் படைக்கலங்கட்கும் யாது தொடர்பு எனின், கூறுதும். முதலாவது, இது பெரிதும் சொல்லாராய்ச்சி பற்றியது. நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல் ஆவணங்களில் மாறாது நிற்க, அது குறித்த பொருள் அச்சொல்லின் அடியிலேயே மாறிச்சென்ற நிலையை இங்குக் காண்கின்றோம். இரண்டாவது, ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு மூலபாடம் தேடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடே இங்கும் உள்ளது. பின்வந்தோர் கை பட்ட பரப்பிலிருந்து முன்னை நிலையை எங்ஙனம் மீட்டுணர்வது என்பதே அவ்விடர்ப்பாடு. எனவே, பொருள் அயலதாயினும் முறை நம்முடையதே.

ஈண்டு ‘மஸ்கெட்’ என்றது காலாட்படையினர்க்குரிய, வாய்வழி மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் நெடுங்குழல் துப்பாக்கியை. நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. நடுப்பகுதியில் உட்புறம் வரிகள் வெட்டப்பெற்ற ‘வரிக்குழல் மஸ்கெட்’ வழக்கிற்கு வந்தது. ‘மெருகு’ என்றது உலோக உறுப்புகளின் மேற்பரப்பை இறுதியாக முடித்துவைக்கும் தொழிலையும், அத்தொழிலாற் பெறும் தோற்றத்தையும் ஒருங்கே குறிக்கும். இம்மெருகு வெண்மெருகு, பழுப்பு, நீலம், புறவன்மை என நால்வகைப்படும்.

2. வெண்மெருகு

நால்வகையுள் காலத்தான் முற்பட்டது வெண்மெருகு. இதில் இரும்பின்மேல் வேறெதுவும் ஏற்றப்படுவதில்லை. அடித்து உருவாக்கிய குழலை அரத்தால் அராவி, எமரித் தூளும் எண்ணெயும் இட்டுத் தேய்த்து, இரும்பின் இயல்பான வெண்சாம்பல் ஒளி தோன்றுமாறு விடுவர். எமரி என்பது குருந்தக்கல் கலந்த ஒருவகைக் கனிமத்தூள். குருந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ‘கொரண்டம்’ என்பது தமிழ்ச் சொல்லாகிய ‘குருந்தம்’ என்பதன் வழிவந்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பிரான்சு நாட்டின் 1777ஆம் ஆண்டு அமைப்பைச் சார்ந்த மஸ்கெட்டுகளும், நெப்போலியன் காலத்தில் அதனைத் திருத்தியமைத்த துப்பாக்கிகளும் வெண்மெருகினவே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டானியக் காலாட்படை மஸ்கெட்டுகளும் பெரும்பாலும் அத்தன்மையனவே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டிலும், வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் பெரியிலும் இருந்த அரசு ஆயுதச்சாலைகள் இவ்வெண்மெருகைத் தம் அடையாளமாகவே கொண்டன. 1861ஆம் ஆண்டு அமைப்பைச் சார்ந்த ஸ்பிரிங்பீல்டு வரிக்குழல் மஸ்கெட்டில், நாற்பது அங்குலக் குழலும், அதனைக் கட்டையோடு பிணிக்கும் மூன்று வளையங்களும், பூட்டுத் தகடும், அடித்தகடும் எல்லாம் வெண்மெருகு பெற்று நின்றன. பின்குறி போன்ற சிற்றுறுப்புகள் மட்டுமே நீலம் பூண்டன.

வெண்மெருகின் சிறப்பும் குறையும் ஒன்றே: அது எதனையும் மறைப்பதில்லை. துரு பிடித்தால் உடனே தெரியும். படைத்தலைவன் ஒரு நோக்கில் வீரனது ஒழுங்கை அறியலாம். ஆனால், கரிமருந்து வெடித்தபின் எஞ்சும் கழிவு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை விரைந்து அரிக்கும் இயல்பினது. மழையில் ஓரிரவு கிடந்த குழல் விடியலில் செந்நிறம் கொள்ளும். ஆதலின் வீரன் செங்கற்பொடியும் எண்ணெயும் கொண்டு நாள்தோறும் தேய்த்தல் வேண்டியதாயிற்று. தேய்க்குந்தோறும் இரும்பு தேய்ந்தது, குழற்சுவர் மெலிந்தது, முத்திரைகள் மழுங்கின. வன்மையான கருவியால் அழுத்தித் தேய்த்து ஒளியேற்றுதல் குழலை வளைக்கும் என்று கருதி, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துத் துப்பாக்கி பேணும் விதிகள் அதனை விலக்கின. விதி ஒன்றனை விலக்கிற்று எனின், அது வழக்கில் மிக்கிருந்தது என்பது தானே போதரும்.

3. பழுப்பு மெருகு

துருவைத் துருவாலேயே தடுக்கும் வழியே பழுப்பு மெருகு. முதற்கண் குழலைச் சுண்ணாம்பு கொண்டு தேய்த்து, எண்ணெய்ப்பசை சிறிதும் இன்றித் தூய்மை செய்வர். குழலின் இருமுனைகளிலும் மரத்தக்கைகளை அடைத்து, உட்புறம் மருந்துநீர் புகாதவாறு காப்பர். பின்னர், அரிக்கும் தன்மையுள்ள மருந்துநீரைத் துணியால் மெல்லத் தடவி, வெப்பமும் ஈரமும் ஒத்த அறையில் வைப்பர். சில மணிநேரத்தில் மெல்லிய துருப்படலம் ஒன்று பரவும். கம்பித் தூரிகையால் உதிர்துருவை நீக்கின், இரும்போடு ஒட்டிய நுண்படலம் மட்டும் எஞ்சும். மீண்டும் தடவி, மீண்டும் துருவேற்றி, மீண்டும் துலக்குவர். இவ்வாறு பன்முறை செய்தபின் கொதிநீர் ஊற்றி மருந்தின் வினையை நிறுத்தி, எண்ணெயோ மெழுகோ அரக்கு மெருகெண்ணெயோ பூசி முடிப்பர். ஒரு குழலுக்குப் பல நாள்கள் செல்லும்.

அமெரிக்கப் படைக்கலத்துறையின் கையேடுகள் இம்மருந்துநீரின் கூறுகளை எடுத்துரைக்கின்றன. மதுசாரம், இரும்புக் குளோரைடு கரைசல், மயில்துத்தம், சவ்வீரம், நைட்டிரிக அமிலம் ஆகியன அவற்றுள் அடங்கும். சவ்வீரம் இரசம் சேர்ந்த கொடுநஞ்சு என்பது நம் சித்தமருத்துவ நூல் பயின்றார் அறிந்ததே. அழகிய பழுப்புக் குழல் ஒன்றனைக் காண்பார், அதன் ஆக்கத்தில் தொழிலாளர் நஞ்சோடு பழகினர் என்பதையும் உளங்கொளல் வேண்டும்.

இம்மெருகு முதலில் வரிக்குழல் வீரர்க்கே உரித்தாயிற்று. பிரிட்டானியர் 1800ஆம் ஆண்டளவில் மேற்கொண்ட பேக்கர் வரிக்குழல் துப்பாக்கியின் குழல் பழுப்பு மெருகு பெற்றது. பசுஞ்சீருடை அணிந்து, மரஞ்செடிகளின் மறைவில் நின்று குறிபார்த்துச் சுடும் வீரனுக்கு ஒளிரும் குழல் பகையாகும். அணிவகுத்து நிமிர்ந்து நிற்கும் காலாட்படையினனுக்கோ ஒளிரும் குழல் பெருமிதமாகும். எனவே, மெருகின் வேறுபாடு போர்முறையின் வேறுபாட்டைக் காட்டும் குறியாகவும் நின்றது. அமெரிக்காவிலும் இதுவே நிலை. 1841ஆம் ஆண்டு அமைப்பைச் சார்ந்த வரிக்குழல் துப்பாக்கி பழுப்புக் குழல் பெற, அதன் காலத்து மஸ்கெட் வெண்மெருகுடனேயே வெளிவந்தது.

பிரிட்டானியக் காலாட்படை முழுமைக்கும் பழுப்புக் குழல் வேண்டும் என்ற ஆணை 1815ஆம் ஆண்டிற் பிறந்தது. ஆகவே, அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள் வாட்டர்லூப் போர்க்களத்தில் நின்ற பிரிட்டானியக் காலாட்படையினர் பெரும்பாலோர் கையில் இருந்தவை வெண்மெருகுக் குழல்களே. பின்னாள் ஓவியர் அக்களத்தைத் தீட்டுங்கால் பழுப்புக் குழல் வரைந்திருப்பின், அது காலமுரண் எனத் தள்ளத்தக்கது. அமெரிக்காவில் 1816ஆம் ஆண்டு அமைப்பு மஸ்கெட்டுகட்கு 1822 முதல் 1831 வரை பழுப்பேற்றி, பின்னர் மீண்டும் வெண்மெருகிற்கே திரும்பினர். வளர்ச்சி ஒருவழிப்பட்டதே, பழையது கழிந்து புதியது புகும் என்னும் எளிய வரலாற்றுக் கொள்கை இங்குப் பொருந்தாமை காண்க. துருக்காப்பும் துலக்கத்தின் பெருமிதமும் தம்முள் மாறிமாறி வென்றன என்பதே உண்மை.

4. நீலமும் புறவன்மையும்

நீல மெருகு இருவழியாற் பெறப்படும். முதல் வழி வெப்பத்தாற் பெறுவது. நன்கு துலக்கிய எஃகைச் சூடேற்றின், ஏறத்தாழ 220 முதல் 230 செண்டிகிரேடு பாகையில் வைக்கோல் நிறமும், பின் பழுப்பும் ஊதாவும், 300 பாகையை அணுகும்போது ஆழ்ந்த நீலமும் தோன்றும். இந்நிறங்கள் சாயம் அல்ல. மேற்பரப்பில் உண்டாகும் ஆக்சைடுப் படலத்தின் தடிப்பு வேறுபடுதலான், அதிற்பட்டு மீளும் ஒளி வேறுபட்டுத் தோன்றுகின்றது. திருகாணிகள், விற்கள் முதலிய சிற்றுறுப்புகள் இவ்வாறு நீலம் பெற்றன. காணுதற்கு மிக அழகியதாயினும் இப்படலம் மிக மெல்லியது; கைபட்டே தேய்ந்தொழியும்.

இரண்டாம் வழி துருவேற்றி நீலமாக்குவது. மேற்கூறிய பழுப்பு முறையில் ஒவ்வொரு துருப்படலமும் ஏறியபின் குழலைக் கொதிநீரில் அமிழ்த்தின், செம்பழுப்பான துரு கரிய காந்த ஆக்சைடாக மாறும். பன்முறை இவ்வாறு செய்தபின் கருநீல நிறம் நிலைபெறும். எனவே, பழுப்புக் குழலும் கருநீலக் குழலும் ஒருதாய் மக்கள் போல்வன. மருந்து ஒன்று, அறை ஒன்று, தூரிகை ஒன்று. இடையில் வரும் கொதிநீரே இரண்டனையும் வேறாக்குகின்றது. இவ்வுண்மை, பின்வரும் சொல்லாராய்ச்சிக்கு அடிப்படை.

நான்காவது புறவன்மை ஏற்றல். பூட்டுத் தகடு, அடிக்கும் சுத்தியல் போன்ற உறுப்புகள் மெத்தென்ற இரும்பினால் உருவாக்கப்பெற்றன. உராய்வில் அவை விரைந்து தேயாதிருத்தற்பொருட்டு, எலும்புக் கரியும் தோற்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டியுள் வைத்து, செந்தழல் நிறம் வர நெடுநேரம் காய்ச்சி, உடனே நீரிற் பாய்ச்சுவர். கரி இரும்பின் புறத்தே ஊடுருவி அதனை எஃகுபோல் வன்மையாக்கும். உள்ளீடு மென்மையாகவே நின்று முறியாது காக்கும். இவ்வினையின்போது மேற்பரப்பில் நீலமும் சாம்பலும் வைக்கோல் நிறமும் விரவிய புள்ளியும் வரியும் தோன்றும். இவ்வண்ணக் கலவை தொழிலின் நோக்கமன்று, உடன்விளைவேயாம்.

பிரிட்டானியர் தம் 1853ஆம் ஆண்டு அமைப்பு என்பீல்டு வரிக்குழல் மஸ்கெட்டின் பூட்டில் இவ்வண்ணக் கலவையை அப்படியே விட்டனர். அமெரிக்கர் தம் ஸ்பிரிங்பீல்டின் பூட்டிற்கும் புறவன்மை ஏற்றினர். ஆயின், பின்னர்த் துலக்கி வெண்மையாக்கினர். செய்வினை ஒன்றாயினும் தோற்றம் வேறாயிற்று. எனவே, ‘புறவன்மை ஏற்றப்பட்டது’ என ஆவணம் கூறுமிடத்து, அதனால் வண்ணக் கலவை இருந்தது எனத் துணிதல் கூடாது. ஆவணம் கூறுவது செய்முறையை; நாம் தேடுவது தோற்றத்தை. இரண்டும் ஒன்றல்ல.

5. சொல்லும் பொருளும்

இனி, இவ்வாராய்ச்சியின் மையமாகிய ‘பிரௌன்’ என்னும் சொல்லுக்கு வருவோம். இது பழுப்பு நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பது யாவரும் அறிந்ததே. அச்சொல்லினின்று பிறந்த ‘பிரௌனிங்’ என்பது பழுப்பேற்றலைக் குறித்தது. பிரிட்டானியப் படைக்கலத் துறையினர் இத்தொழிற்பெயரை நூற்றாண்டு முழுதும் விடாது வழங்கினர். ஆனால், நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அவர்தம் குழல்கள் பழுப்பாக இல்லை, கருநீலமாயின. தொழில் முறை ஒன்றாகவே இருந்தமையின் தொழிற்பெயரும் மாறவில்லை. விளைந்த நிறம் மட்டும் மாறிற்று. எனவே, என்பீல்டுக் குழல் ‘பிரௌன்’ செய்யப்பட்டது எனக் கண்டு அது பழுப்பு நிறத்தது என எழுதுவோர், தொழிற்பெயரை நிறப்பெயராக மயங்குகின்றனர்.

இத்தகைய நிலை மொழிக்குப் புதிதன்று. நிறச்சொற்கள் எல்லா மொழிகளிலும் எல்லை நெகிழ்ந்தவை. தமிழிலும் நீலமும் கருமையும் ஒன்றன் இடத்தில் ஒன்று வழங்குதலை இலக்கியம் பயின்றார் அறிவர். செம்மை என்னும் சொல் குருதிக்கும் பொன்னுக்கும் மண்ணுக்கும் ஒப்ப வழங்கும். கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியையும் நிறத்தையும் உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் கூறியிருத்தலும் இங்குக் கருதத்தக்கது. சொல்லை மட்டும் கொண்டு நிறத்தை அறுதியிடுதல் அரிது என்பதையே இவை காட்டும்.

இதனோடு தொடர்புடைய பிறிதொரு சிக்கலும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டானிய மஸ்கெட்டைப் ‘பிரௌன் பெஸ்’ என்னும் செல்லப்பெயரால் வழங்குவர். இப்பெயர் குழலின் பழுப்பு மெருகினால் வந்தது என்று பலர் எழுதியுள்ளனர். இக்கொள்கை காலத்தால் மறுக்கப்படுகின்றது. பிரான்சிஸ் குரோஸ் என்பார் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. காலாட்படை முழுமைக்கும் பழுப்பேற்றும் ஆணை வந்ததோ 1815இல். முப்பது ஆண்டு பின்வந்த ஆணை முன்னரே வழங்கிய பெயருக்குக் காரணமாதல் யாங்ஙனம்? அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புக் குழல் முன்னரும் இருந்திருக்கலாம், எனினும், பொதுப்பெயர் பொதுவழக்கினின்றே பிறக்கும், பொதுவழக்கோ வெண்குழல். மரக்கட்டையின் நிறத்தால் வந்தது என்பாரும், செருமானியச் சொல்லின் திரிபு என்பாரும் உளர். இவற்றுள் எது உண்மையாயினும், குழலின் மெருகைக் காரணமாகக் கூறும் கொள்கை மட்டும் நில்லாது.

இங்கு நம் நாட்டொடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. இப்பெயரால் வழங்கிய துப்பாக்கிகளுள் மிகுதியாகச் செய்யப்பெற்றது ‘இந்திய அமைப்பு’ எனப்படும். அது கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகட்கெனச் செய்வித்த அமைப்பு. பிரான்சோடு 1793இல் போர் மூண்டபோது துப்பாக்கித் தட்டுப்பாடு நேர, பிரிட்டானிய அரசு கம்பெனியின் இருப்பை வாங்கிக்கொண்டது. 1797இல் அவ்வமைப்பையே தன் அமைப்பாகவும் மேற்கொண்டது. முந்தைய அமைப்பின் குழல் 42 அங்குலம். இதன் குழல் 39 அங்குலம். மலிவும் விரைவும் கருதி ஏற்கப்பெற்ற இது, பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட அளவிற் செய்யப்பெற்றது. நெப்போலியனை எதிர்த்து ஐரோப்பாவில் நின்ற வீரனது கையில் இருந்த துப்பாக்கியின் பெயரில் ‘இந்தியா’ என்னும் சொல் நின்றமைக்கு இதுவே வரலாறு. ‘துப்பாக்கி’ என்னும் நம் வழக்குச் சொல் துருக்கிய மொழிவழி வந்ததாகச் சொற்பிறப்பாளர் கூறுவர். படைக்கலங்களும் அவற்றின் பெயர்களும் நாடு கடந்து செல்லும் வழிகள் நேரியன அல்ல என்பது இவற்றால் விளங்கும்.

6. எது உண்மையான மெருகு?

சொல்லின் சிக்கலைத் தெளிந்தபின்னும் பொருளின் சிக்கல் எஞ்சுகின்றது. ஒரு துப்பாக்கி ஆயுதச்சாலையினின்று வெளிவந்த நாளின் மெருகு ஒன்றே உண்மை மெருகா? 1853ஆம் ஆண்டு அமைப்பு என்பீல்டுத் துப்பாக்கியின் அமெரிக்க வரலாறு இவ்வினாவிற்கு விடை தேட உதவும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்தது. இருதரப்பாரிடமும் போதிய துப்பாக்கிகள் இல்லை. எனவே இருவரும் பிரிட்டானியத் தொழிலாளரிடமிருந்து என்பீல்டுகளை வாங்கினர். இருதரப்பும் சேர்ந்து வாங்கியவை ஏறத்தாழ 9,00,000 என மதிப்பிடுவர். கருநீலக் குழலும் பித்தளை அடித்தகடும் வண்ணக்கலவைப் பூட்டும் கொண்ட இவை, வெண்மெருகு ஸ்பிரிங்பீல்டுகட்கு இடையே வேறாகத் தோன்றின. படையொழுங்கில் துலக்கத்தையே தூய்மையாகக் கொண்ட வடதரப்புப் படைப்பிரிவுகள் சிலவற்றில், வீரர்கள் அந்நீலத்தைத் தேய்த்து நீக்கி, என்பீல்டையும் வெள்ளையாக்கினர்.

இன்று அத்தகைய வெண்குழல் என்பீல்டு ஒன்று காட்சிச்சாலைக்கு வருமாயின், அதனை என்னென்று சொல்வது? ‘மூல மெருகு இழந்தது’ என்பார் ஒருவர். ‘போர்க்கால மெருகோடு உள்ளது’ என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் ஒருபுடை உண்மையே. தொழிற்சாலையின் மெருகு ஒரு வரலாறு. 1862இல் ஒரு வீரன் செங்கற்பொடியால் எழுதியது மற்றொரு வரலாறு. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் விற்பனைக்காகப் பொறியில் வைத்துத் தேய்த்து ஒளியேற்றியதோ, இரண்டனையும் அழித்த கேடு. மூன்றும் வெண்குழலாகவோ நீலக்குழலாகவோ தோன்றலாம். தோற்றம் ஒத்திருத்தலால் வரலாறு ஒத்ததாகாது. எனவே, ‘இது உண்மையான மெருகா?’ என்று வினவுதல் போதாது. ‘எவ்வாண்டில், யார் கையில், எப்பயன் கருதி இருந்த மெருகு?’ என்று வினவுதலே முறையாகும்.

7. சான்றுகளை எடையிடும் முறை

இவ்வினாவிற்கு விடைகாண நால்வகைச் சான்றுகள் உள.

முதலாவது ஆவணம். ஆணைகள், ஒப்பந்தங்கள், கையேடுகள் என்பன இதன்பாற்படும். இவை காலத்தை உறுதிப்படுத்தும். ஆயின் சொற்பொருளை அக்காலத்து வழக்கொடு வைத்தே உணர்தல் வேண்டும். ஆணை பிறந்த நாளும் அது நடைமுறைக்கு வந்த நாளும் வேறுபடும் என்பதும் கருதத்தக்கது. கையிருப்பில் உள்ள பழந்துப்பாக்கிகள் தீருமளவும் பழைய மெருகு வழக்கில் நிற்கும்.

இரண்டாவது முத்திரையிட்ட மாதிரி. பிரிட்டானியர் ஒவ்வோர் அமைப்பிற்கும் ஒப்புதல் பெற்ற மாதிரித் துப்பாக்கி ஒன்றில் அரக்கு முத்திரை இட்டுக் காத்து வைத்தனர். செய்வோர் அதனை ஒத்துச் செய்தல் வேண்டும். அவ்வாறு காக்கப்பெற்ற மாதிரிகள் பல இன்று பிரிட்டானிய அரசுப் படைக்கலக் காப்பகத்தில் உள்ளன. போருக்குச் செல்லாமையின் இவற்றின் மெருகு பெரிதும் சிதையாது நிற்கும். ஆதலின், இவை மூலச்சுவடி போன்று மதிக்கத்தக்கன.

மூன்றாவது மறைந்த பரப்பு. குழலின் அடிப்புறம், வளையங்களின் உட்புறம், பூட்டுத் தகட்டின் உட்புறம் ஆகிய இடங்கள் மரத்தாலோ உலோகத்தாலோ மூடப்பட்டிருத்தலான் துலக்குவோர் கைக்கு எட்டா. கருநீலம் முற்றும் நீங்கிய என்பீல்டுக் குழலிலும் வளையத்தின் அடியில் ஓர் அங்குல அளவு நீலம் எஞ்சியிருத்தல் கூடும். அச்சிறு பரப்பு, வெளிப்பரப்பு முழுவதும் கூறுவதினும் மிகுதியாகக் கூறும். பின்னைத் துலக்கத்தையும் முன்னைத் துலக்கத்தையும் வேறுபடுத்தவும் வழியுண்டு. முத்திரை எழுத்துகளின் விளிம்பு மழுங்கியும், துருக்குழிகளின் வாய் தேய்ந்தும் இருப்பின், குழிகள் தோன்றிய பின்னரே அத்துலக்கம் நிகழ்ந்தது என்பது தெளிவு. துலக்கிய பரப்பின்மேல் துருக்குழிகள் கூர்விளிம்புடன் அமர்ந்திருப்பின், துலக்கம் முந்தியது, துரு பிந்தியது.

நான்காவது ஒளிப்படம். 1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளிப்படுத்திய ஈரக் கொலோடியன் முறையே உள்நாட்டுப் போர்க்காலப் படங்கட்குப் பெரிதும் பயன்பட்டது. அப்படங்களைக் கண்டு, ‘குழல் வெளிறித் தோன்றுகின்றது, ஆதலின் வெண்மெருகு’ என எளிதில் முடிவு செய்வர். அத்தகடு நீல ஒளியையும் புறஊதா ஒளியையும் மிகுதியாக உணரும், சிவப்பை உணராது. எனவே நீலம் வெளிறியும், செம்பழுப்பு கருத்தும் தோன்றுதல் இயல்பு. மேலும், வளைந்த உலோகப் பரப்பின் ஒளி அது நிற்கும் கோணத்தைப் பொறுத்தது. ஆகவே ஒளிப்படம் துணைச்சான்றாகுமேயன்றித் தனிச்சான்றாகாது.

இந்நான்கனையும் ஒருங்குவைத்து, ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பியே முடிவு காணல் வேண்டும். ஒன்றே போதும் எனக் கொள்வோர், ஒரே சுவடியைக் கொண்டு பாடம் துணிவோரை ஒப்பர்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். படைத்துப்பாக்கியின் மெருகு வெறும் அழகன்று. போர்முறை, தொழில்நுட்பம், படையொழுங்கு, தொழிலாளர் வாழ்வு ஆகியன எல்லாம் அதன்கண் பதிந்துள்ளன. மெருகின் வரலாறு ஒருவழிப்பட்ட வளர்ச்சி அன்று. நிறத்தைக் குறிக்கும் சொல்லும் தொழிலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வடிவில் நிற்குமிடத்து, பொருளைக் கண்டே சொல்லை உணர்தல் வேண்டும். சொல்லைக் கொண்டு பொருளை மாற்றுதல் கூடாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, இத்துப்பாக்கிகளின் போலிகள் பல புதிதாகச் செய்யப்பெறுகின்றன. அவற்றுட் சில, சூடான காரவுப்புக் கரைசலில் அமிழ்த்திப் பெறும் பளபளத்த கருநிறத்தோடு வெளிவருகின்றன. அம்முறை இருபதாம் நூற்றாண்டினது. போர் நிகழ்ச்சிகளை மீண்டும் நடித்துக் காட்டுவோரும் திரைப்படம் எடுப்போரும் அவற்றை ஏந்துதலான், அந்நிறமே பழைய நிறம் என மக்கள் உள்ளத்திற் பதிகின்றது. அவ்வாறு பதிந்த கண்ணோடு காட்சிச்சாலைக்கு வருவோர், தேய்ந்த பழுப்பையும் மங்கிய நீலத்தையும் அழுக்கு எனக் கருதுவர். பேணுவோரும் அவ்வாறே கருதின் கேடு முற்றும். ஒருமுறை நீக்கிய படலத்தை மீண்டும் பெற இயலாது. புதிதாக ஏற்றலாம், ஆனால் அது புதியதே.

நம் நாட்டுக் காட்சிச்சாலைகளிலும் கோயில்களிலும் அரண்மனைகளிலும் உள்ள இரும்பு, செம்பு, வெண்கலப் பொருள்கட்கும் இவ்வுண்மை ஒப்பப் பொருந்தும். துலக்கும் முன், எத்துணைச் சிறிய பரப்பாயினும் மறைந்த இடங்களை ஆராய்ந்து, அங்குக் கண்டதை எழுதிவைத்தல் வேண்டும். அவ்வெழுத்து இல்லையாயின், துலக்கிய துணி எடுத்துச் சென்றது அழுக்கா வரலாறா என்பதைப் பின்வருவோர் அறியமாட்டார்.